ஒரு பெட்டி, பதினொரு மரம்: ஓசூர் சாக்லேட் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓசூரில் சாக்லேட் விற்று கோகோ விவசாயிகளுக்குப் பணம் திரட்டும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவள் என் தம்பி மகள். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள், உங்கள் குழுவிலும் இருக்கிறாள். சித்திரை முதல் நாளுக்கு ஊருக்கு வந்தாள். ஓசூரில் பஸ் ஏறி, கிருஷ்ணகிரியில் மாறி, காவேரிப்பட்டணம் தாண்டிப் பாரூரில் இறங்குவதற்குள் மதிய வெயில் முழுக்க அவள் மடியில் இருந்திருக்கிறது. பெட்டியைத் திறந்தால் பன்னிரண்டு துண்டும் ஒன்றாகி, ஒரு மூலையில் குழம்பு மாதிரி தேங்கி நின்றது. ஃப்ரிட்ஜில் வைத்தோம். மறுநாள் எடுத்தால் இறுகியிருந்தது, ஆனால் மேலே சாம்பல் பூத்தது போல வெள்ளை. என் அம்மாவுக்கு வயது 84. "பூசணம் புடிச்சிருக்கு, புள்ளைங்களுக்குக் குடுக்காதே" என்றார். பூசணம் இல்லைம்மா, கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும், மறுபடி இறுகும்போது மேலே வந்து இப்படிப் படியும் என்று விளக்கினேன். நம்பவில்லை. நான் தின்று காட்டிய பிறகுதான் ஒரு துண்டு வாங்கிக்கொண்டார்.

சாக்லேட் நன்றாகத்தான் இருந்தது. நான் எழுத உட்கார்ந்தது மூடியில் இருக்கும் படத்தைப் பற்றி. ஒரு பெரியவர், பிளந்த கோகோ காயை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நம்மைப் பார்க்கிறார். கீழே "ஒரு பெட்டி, ஒரு நிழல் மரம்" என்று போட்டிருக்கிறீர்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில், விலை 450 ரூபாய், அதில் 90 ரூபாய் காலநிலை மாற்றத்தால் பாதிக்கப்பட்ட கானா நாட்டு விவசாயிகளுக்குக் கன்று வாங்கப் போகிறது என்று இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தேன். முப்பது வருடம் பிள்ளைகளின் கணக்கு நோட்டைத் திருத்திய பழக்கம், சும்மா இருக்க விடாது.

இதைப் பேச எனக்கு என்ன உரிமை என்றால், ஏரிக்கரைப் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் தென்னை இருக்கிறது. அந்தத் தென்னைக்கு நடுவே 11 கோகோ மரம் நிற்கிறது. பாரூரில் கோகோவா என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. எங்கள் ஊர்க்காரர்களும் சிரித்தார்கள்.

ஆனைமலையில் என் பெரியம்மா மகன் தென்னைக்குள் கோகோ போட்டு நல்லபடியாக இருக்கிறார். 2015 ஆடியில் அவர் தோட்டத்திலிருந்து 60 ஒட்டுக்கன்று கொண்டுவந்து நட்டேன். இந்த மரம் நம் மாநிலத்துக்குப் புதிது ஒன்றும் இல்லை என்று அண்ணன்தான் சொன்னார். 1798லேயே கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் குற்றாலத்தில் கோகோ நட்டுப் பார்த்திருக்கிறார்கள். உங்கள் பெட்டியில் இருக்கும் கானாவுக்கு, 1879இல் டெட்டே குவார்ஷி என்ற கொல்லர் பக்கத்துத் தீவில் வேலை பார்த்துத் திரும்பும்போது கொண்டுவந்த விதையிலிருந்துதான் கோகோ பரவியது என்று அந்த ஊரில் சொல்வார்கள். நமக்கு முந்தி வந்தது, அவர்களுக்குப் பிந்தி வந்தது. அது அங்கே வாழ்க்கையாகிவிட்டது, இங்கே ஊடுபயிராக நின்றுவிட்டது. அந்தக் கதை கிடக்கட்டும்.

கோகோ மரத்தை நீங்கள் பக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா? கிளை நுனியில் பூக்காது. அடிமரத்திலும் தடித்த கிளையிலும், பட்டையைப் பிளந்துகொண்டு நேராகப் பூ வரும். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும், வெள்ளையும் இளஞ்சிவப்புமாக இருக்கும். ஒரு மரம் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் பூக்கும், நூற்றுக்கு நாலைந்து காயானாலே பெரிது. அந்தப் பூவுக்குத் தேனீ வராது. கொசுவை விடச் சின்னதாக ஒரு ஈ, அதுதான் மகரந்தம் சேர்க்கிறது. அந்த ஈ எங்கே வளரும் தெரியுமா? அழுகும் இலைக் குப்பையில், வெட்டிப்போட்ட வாழைத் தண்டில், மட்கும் காய் ஓட்டில். எங்கள் தோப்பில் வேலை செய்யும் அம்மாவுக்குத் தோப்பு என்றால் கூட்டிப் பெருக்கிய வாசல் மாதிரி இருக்க வேண்டும். முதல் மூன்று வருடம் தினமும் இலையைக் கூட்டிக் கொளுத்திவிடுவார். பூ கொட்டிக்கொண்டே இருக்கும், காய் நிற்காது. அண்ணன் ஒருநாள் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "ஈ வீட்டை எரிச்சுட்டு காய் வரலைன்னா எப்படிம்மா?" அப்புறம்தான் குப்பையை அப்படியே விட்டோம். காய் பிடித்தது.

பிடித்த காய் பழுக்க ஐந்து ஆறு மாதம். அதுவரை மரத்துக்கு ஈரம் வேண்டும், பாதி நிழல் வேண்டும், 32 டிகிரிக்கு மேல் வெயில் நிற்கக் கூடாது. வருடத்துக்கு 1250 மில்லிமீட்டர் மழையாவது பரவலாகப் பெய்ய வேண்டும். கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் நல்ல வருடத்திலேயே 850, 900 தான் தேறும். மீதியை போர்வெல்தான் தர வேண்டும். தெரிந்தேதான் நட்டேன். பக்கத்திலேயே ஏரி இருக்கிறது என்ற தைரியம்.

2016இல் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றியது. தமிழ்நாட்டுக்கு 140 வருடத்தில் அவ்வளவு மோசமான பருவமழை வந்ததில்லை என்றார்கள். 2017 கோடையில் போர் இரண்டு மணி நேரம் ஓடினால் காற்றுதான் வந்தது. கோகோ இலை ஓரத்திலிருந்து உள்பக்கமாகக் காயும். சுட்ட அப்பளம் மாதிரி, தொட்டால் நொறுங்கும். நிழலுக்கு நம்பியிருந்த தென்னையே அந்த வருடம் மட்டையை உதிர்த்துவிட்டுக் குடைக்கம்பி மாதிரி நின்றது. நிழல் தருகிற மரத்துக்கும் தாகம் எடுக்கும் என்பதை நான் அதற்கு முன் யோசித்ததே இல்லை. 31 கன்று போனது. அப்புறம் 2024 கோடை. சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டி நின்றது. மேட்டு நிலத்தில் இருக்கும் மா மரத்துக்கு டேங்கரில் தண்ணீர் வாங்கி ஊற்றினோம், தென்னைக்கே பத்தவில்லை, கோகோவுக்கு எங்கே போவது? 18 மரம் போனது. அதே வருடம் டிசம்பரில் ஃபெஞ்சல் புயல். எங்கள் அடுத்த தாலுகா ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 503 மில்லிமீட்டர். ஒரு வருட மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. வண்டிகள் காகிதப் படகு மாதிரி போனதை நீங்களும் செல்போனில் பார்த்திருப்பீர்கள். எங்கள் தோப்பில் நான்கு நாள் தண்ணீர் நின்றது. மிச்சம் இருந்த மரத்தில் பிடித்திருந்த காயெல்லாம் காம்பிலிருந்து கறுத்து அழுகியது. கருங்காய் நோய். எட்டு மாதத்துக்கு முன் தண்ணீர் இல்லாமல் செத்த தோப்பு, தண்ணீரில் அழுகியது.

60இல் 31 போய், 18 போய், 11.

அந்த 11 மரத்தில் வருகிற காயை விற்கவும் முடியாது. ஒரு பறிப்புக்கு இருபது காய் வரும், உடைத்தால் இரண்டு கிலோ பச்சை விதை. அதைப் புளிக்க வைத்துக் காய வைத்தால்தான் சாக்லேட் வாசம் வரும். பெட்டியில் வாழையிலை போட்டு மூடி ஆறு நாள் வைக்க வேண்டும், குவியலுக்குள் 45, 50 டிகிரிக்குச் சூடு ஏற வேண்டும். இரண்டு கிலோவுக்கு எங்கே ஏறும்? கையை விட்டுப் பார்த்தால் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்ட உடம்பு மாதிரி லேசாக வெதுவெதுப்பு, அவ்வளவுதான். குறைந்தது 50 கிலோவாவது ஒன்றாகச் சேர வேண்டும் என்கிறார் அண்ணன். நான் புளிக்க வைத்ததைக் காயவைத்துக் கடித்துப் பார்த்தேன். உள்ளே ஊதாவாக, புளிப்பும் கசப்புமாக, மாத்திரை மாதிரி இருந்தது. இப்போது காயைப் பறிப்பது அணிலும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும். விதையைச் சுற்றியிருக்கும் வெள்ளைச் சதையைச் சப்பிவிட்டுக் கொட்டையைத் துப்பிவிடுவார்கள். சீத்தாப்பழம் மாதிரி இனிக்கும். எங்கள் தோப்புக் கோகோவின் வரவு அதுதான்.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், உங்கள் மூடியில் இருக்கும் பெரியவரின் முகத்தை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். அவருக்கும் இதேதான் நடக்கிறது. 11 மரம் போனால் எனக்கு ஓய்வூதியம் இருக்கிறது, அவருக்கு அதுதான் சோறு.

உலகத்துக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் விளைகிறது. பெரிய எஸ்டேட் அபூர்வம், பெரும்பாலும் நம்மைப் போல ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர்க்காரர்கள்தான். 2023இல் அங்கே மழை அளவுக்கு மீறிக் கொட்டியது, கருங்காய் நோய் பரவியது. அது விட்ட கையோடு சகாரா பக்கமிருந்து ஹர்மட்டான் என்ற வறண்ட காற்று. மாவுப்பூச்சி பரப்புகிற தண்டு வீக்க நோய் ஒன்று இருக்கிறது, 1936லிருந்து கானாவில் இருக்கிறது. அதற்கு மருந்தே கிடையாது. வந்த மரத்தையும் அக்கம்பக்கத்து மரத்தையும் வெட்டி எரித்துவிட்டுப் புதுசாக நட வேண்டும், மூன்று நான்கு வருடம் வருமானம் இல்லாமல் உட்கார வேண்டும். இப்படி எல்லாம் சேர்ந்து 2023-24 பருவத்தில் உலகத் தேவைக்கு ஐந்து லட்சம் டன்னை ஒட்டி கோகோ குறைந்தது. கடந்த பத்து வருடத்தில் அந்த இரண்டு நாட்டிலும் முக்கிய அறுவடைப் பருவத்தில் 32 டிகிரியைத் தாண்டும் நாட்கள், பருவநிலை மாற்றத்தால் மட்டும் வருடத்துக்கு மூன்று வாரம் கூடியிருக்கிறது என்று கிளைமேட் சென்ட்ரல் அமைப்பு 2025இல் கணக்குப் போட்டுச் சொன்னது. மூன்று வாரம் என்றால் உங்களுக்கு அது ஒரு எண்ணாக இருக்கும். எனக்கு அது அப்பளம் மாதிரி காய்ந்த இலை.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. கோகோ காட்டு நிழலில் வளரும் மரம். அதிக மகசூல் ரகம் வந்தபோது நிழல் வேண்டாம், வெட்டவெளியில் நட்டால் நிறையக் காய்க்கும் என்று அங்கே பல இடங்களில் பெரிய மரங்களைச் சாய்த்தார்கள். கோகோவுக்காகக் காட்டையும் அழித்தார்கள். 1960க்குப் பிறகு ஐவரி கோஸ்ட் தன் காட்டில் பெரும்பகுதியை இழந்துவிட்டது. இப்போது அதே நிலத்தில் நிழல் மரம் நட நீங்களும் நானும் சாக்லேட் விற்கிறோம்.

விலைக் கதை இன்னொன்று. விளைச்சல் குறைந்ததும் நியூயார்க் சந்தையில் விலை ஏறியது. வருடக்கணக்காக டன் 2500 டாலர் பக்கத்தில் கிடந்தது, 2024 டிசம்பரில் 12,000 டாலரைத் தாண்டியது. ஆனைமலை அண்ணனுக்கு அந்த வருடம் உலர்ந்த விதை கிலோ ஆயிரம் ரூபாய் வரைக்கும் போனது, போனில் அவர் குரலே மாறியிருந்தது. அடுத்த வருடமே பாதிக்கு மேல் இறங்கிவிட்டது, ஆந்திராவில் கோகோ விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். ஆனால் கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் ஏற்றம் வந்த வருடத்தில்கூட விவசாயிக்குப் பெரிதாகப் போகவில்லை. அங்கே பருவத்தின் தொடக்கத்தில் அரசாங்கம் ஒரு விலை வைக்கும். விளைச்சலின் பெரும்பகுதியை முன்னாடியே பழைய விலைக்கு விற்று வைத்திருப்பார்கள். சந்தை கூரைக்கு ஏறும்போது விவசாயி திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, இப்போது உங்கள் 90 ரூபாய்க்கு வருகிறேன்.

நேர்மையான வணிகம் என்று முத்திரை குத்தி விற்கும் ஃபேர்டிரேட் கோகோவுக்கு, விலைக்கு மேலே டன்னுக்கு 240 டாலர் கூடுதல் தொகை உண்டு, 2019லிருந்து. அது விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும், எதற்குச் செலவழிப்பது என்று உறுப்பினர்கள் கூடி ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். உங்கள் 200 கிராம் பெட்டியில் இருக்கிற கோகோவுக்கு அதை வகுத்துப் பார்த்தேன். இரண்டு, மிஞ்சினால் மூன்று ரூபாய் வருகிறது. நீங்கள் கொடுப்பது 90. முப்பது மடங்கு! முதலில் எனக்கே சந்தோஷமாக இருந்தது, பிள்ளைகள் பெரிய காரியம்தான் செய்கிறார்கள் என்று. அப்புறம் தம்பி மகளிடம் கேட்டேன், "அடுத்த வருஷமும் உண்டா கண்ணு?" அவள் கொஞ்சம் தயங்கினாள். "தெரியல அத்தே. போன வருஷம் ஏரி தூர்வாரினோம், அதுக்கு முந்தின வருஷம் கம்பளி குடுத்தோம். ஒவ்வொரு வருஷமும் ஒரு தீம் எடுப்போம்."

தீம். எனக்கு அங்கேதான் இடித்தது.

எங்கள் வீட்டுப் பரணில் 200 அட்டைப்பெட்டி இருக்கிறது, அந்தக் கதையைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். 2020 மே மாதம், ஊரடங்கு. மண்டி மூடிக் கிடந்தது, மாங்கூழ் ஆலைக்கு லாரி போகவில்லை. செந்தூரா மரத்திலேயே பழுத்து விழுந்துகொண்டிருந்தது. அப்போது பெங்களூரிலிருந்து ஒரு குடியிருப்புக்காரர்கள் எப்படியோ எங்கள் நம்பரைப் பிடித்துக் கூப்பிட்டார்கள். "விவசாயியிடம் நேரடியாக வாங்குவோம்" என்று குழு வைத்திருந்தார்கள். மண்டியில் கிடைக்கிற விலைக்கு இரண்டு மடங்கு கொடுத்தார்கள். பாஸ் எடுத்து வேன் அனுப்பி, ஒன்றரை டன் எடுத்தார்கள். என் கணவர் மரத்தடியில் நிற்கிற போட்டோவை வாங்கிப் பேர் போட்டுப் பரப்பினார்கள். அந்த வருடம் எங்களைக் காப்பாற்றியது அவர்கள்தான், அதை இன்றைக்கும் மறக்கவில்லை. அடுத்த வருடம் சீக்கிரமே தயாரானோம். அவர்கள் கேட்ட மாதிரி மூன்று கிலோ, ஐந்து கிலோ பிடிக்கும், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி 200 வாங்கிவைத்தார் என் கணவர். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைக்கக் கூடாது என்று அவர்கள் சொன்னதால் வைக்கோல் போட அறையைக் காலி செய்தார். வழக்கமாக முன்பணம் கொடுக்கிற வியாபாரியிடம் இந்த வருடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மே வந்தது. போன் வரவில்லை. நாங்கள் கூப்பிட்டபோது ஒரு அம்மா ரொம்ப மரியாதையாகப் பேசினார். இந்த முறை குழுவில் எல்லாரும் ஆக்சிஜன் உதவியில் இருக்கிறோம் சார் என்றார். அதுவும் நியாயம்தான், 2021 மே எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியாதா? யாரைக் கோபித்துக்கொள்வது? ஆனால் முன்பணத்தை வேண்டாம் என்று சொன்ன வியாபாரி அந்த வருடம் எங்கள் தோட்டத்துப் பக்கம் திரும்பவில்லை. பெட்டியில் சிலது பிரித்து வேறு சாமான் வைத்திருக்கிறோம். ஒன்றில் அடைக்கோழி உட்கார்ந்திருக்கிறது. ஓட்டை போட்ட பெட்டி, அதற்குக் காற்று நன்றாக வருகிறது.

என் கணவர் இப்போது இல்லை. அந்தப் போட்டோ இன்னும் இணையத்தில் எங்கேயோ இருக்கிறது.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை, நீங்களும் இல்லை. ஆனால் கோகோவுக்கு உதவுவதாக இருந்தால் கோகோவின் வயசுக்கு உதவ வேண்டும். ஒட்டுக்கன்று நட்டால் காய்க்கவே மூன்று வருடம் ஆகும். நிழல் மரம் நிழல் என்று சொல்லும்படி ஆக நான்கைந்து வருடம். முதல் இரண்டு கோடையில்தான் கன்று சாகும். என் 60இல் 31 போனது இரண்டாவது கோடையில். நீங்கள் நட்ட மரத்துக்கு இரண்டாவது கோடை வரும்போது உங்கள் தீம் வேறாகியிருக்கும். அங்கே அந்தப் பெரியவர், உங்களை நம்பி, நிழல் வருமென்று வெட்டவெளியில் புதுக் கோகோவும் நட்டிருந்தால்? அவர் வீட்டுப் பரணில் என்ன இருக்கும்?

அதனால் கேட்கிறேன். இந்தச் சாக்லேட்டை ஐந்து வருடம் விற்போம் என்று எழுதிக் கொடுங்கள். 90 முடியாது என்றால் 40 ஆகட்டும், 20 ஆகட்டும். வருடா வருடம் வருமென்று தெரிந்த இரண்டு ரூபாயை வைத்து ஒரு கூட்டுறவுச் சங்கம் திட்டம் போடும். ஒரே ஒரு தடவை வந்த 90 ரூபாயை வைத்துக் கன்றுதான் வாங்க முடியும். வாங்கிய கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிற கூலியை யார் தருவது? ஐந்து வருடம் முடியவே முடியாது என்றால் பரவாயில்லை, ஒரு தடவை பணம் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் மூடியிலிருந்து அந்தப் பெரியவர் படத்தை எடுத்துவிடுங்கள். ஒரு வருடப் பழக்கத்துக்கு ஒருவர் முகத்தைக் கேட்கக் கூடாது.

"ஒரு பெட்டி, ஒரு நிழல் மரம்" என்ற வாசகத்தையும் மாற்றலாம். எத்தனை நட்டோம் என்பது நர்சரிக்காரர் கணக்கு. மூன்றாவது வருடம் எத்தனை நிற்கிறது என்பதுதான் தோப்புக்காரர் கணக்கு. 2015 ஆடியில் நானும் பெருமையாக 60 மரம் நட்டேன் என்று எல்லாரிடமும் சொன்னேன்.

காலம் ஒன்று இருக்கிறது. நீங்கள் விற்பது தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும், மிச்சம் இருந்தால் சித்திரைக்கும். தீபாவளிப் பணம் கை மாறி, நாடு மாறிப் போய்ச் சேரும்போது அங்கே தை மாசி, ஹர்மட்டான் காற்று வாட்டி எடுக்கிற நேரம். அந்த மண்ணில் அப்போது கன்று நட்டால் நட்டவர் கைதான் வலிக்கும். அங்கே பெரிய மழை நம் பங்குனி சித்திரை வாக்கில்தான் தொடங்குகிறது, ஆனி வரைக்கும் நடலாம். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன ஊர்க்காரர்கள் நாம். அவர்கள் பட்டம் எது என்று கேட்டுவிட்டுப் பணத்தை அனுப்ப வேண்டாமா? கேட்பது என்றால் எல்லாவற்றையும் கேளுங்கள். அவர்களுக்குக் கன்றுதான் வேண்டுமா? நோய் வந்த மரத்தை வெட்டக் கூலி வேண்டியிருக்கலாம், ஒரு கிணறு வேண்டியிருக்கலாம், மூடாக்குக்கு வைக்கோல் வாங்க வேண்டியிருக்கலாம், பிள்ளையைக் காட்டிலிருந்து எடுத்துப் பள்ளிக்கு அனுப்புகிற செலவாக இருக்கலாம். நம் ஊரில் இலவசமாகக் கொடுத்த கன்றெல்லாம் என்ன ஆயிற்று என்று வேளாண்மை அலுவலகத்துப் பழைய ஆட்களைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

நான் இந்த மடலை எழுதுவதாகச் சொன்னபோது டீக்கடையில் ஒருவர் கேட்டார். "போன 2025ல நம்ம பெங்களூரா மாங்காய் கிலோ அஞ்சு ரூபாய்க்குப் போச்சு, பறிக்கிற கூலிக்குப் பத்தாம ரோட்டுல கொட்டினோம். ஓசூர் பசங்களுக்கு ஆப்பிரிக்காதான் கண்ணுக்குத் தெரியுதா?" கேட்டவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அவர் தோட்டம் எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் அவருக்குப் பயந்து கானாவை விட்டுவிட்டு மாங்காய்க்கு வந்தால், அடுத்த வருடம் மாங்காயை விட்டுவிட்டு வேறெங்கோ போவீர்கள். எங்களுக்கு அது பழக்கமான கதை. எடுத்ததை முடியுங்கள். மாங்காயைப் பற்றிப் பேச வேறு ஆள் வரட்டும், இல்லாவிட்டால் நானே இன்னொரு கடிதம் போடுகிறேன், கலெக்டருக்கு.

தம்பி மகள் இதைப் படித்துவிட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். "சும்மா இருக்கறவங்களைவிட நாங்க ஏதோ செய்யறோம் இல்லே அத்தே?" என்றாள். செய்கிறீர்கள், மறுக்கவில்லை. ஷிப்ட் முடிந்து கால் கடுக்க அடுக்ககம் அடுக்ககமாகப் படியேறி விற்கிறீர்கள் என்று அவளே சொன்னாள். சும்மா இருப்பவர்களுக்கு நான் கடிதம் எழுத மாட்டேன். எழுதி என்ன பயன்?

கடைசியாக, 450இல் 90 போக மீதி 360 எங்கே போகிறது என்று பெட்டியிலேயே அச்சிடுங்கள். சாக்லேட் செய்கிறவர் எவ்வளவு, பெட்டி எவ்வளவு, வண்டிச் செலவு எவ்வளவு, கோகோ விதைக்கு எவ்வளவு. அந்தக் கடைசி எண் சின்னதாக இருக்கும். என் கணக்கில் உங்கள் பெட்டிக்கு மூன்று நான்கு காய்தான் பிடிக்கும். அந்த நான்கு காய்க்கு அந்தப் பெரியவர் கையில் என்ன வருகிறது என்பதைப் படம் இருக்கிற இடத்தில் பெரிதாகப் போடுங்கள். வாங்குகிறவர் ஒரு நிமிடம் நின்று படிப்பார், எனக்கு நம்பிக்கை இருக்கிறது. 90 ரூபாயை அப்போது உதவி என்று நினைக்க மாட்டார், பாக்கி என்று நினைப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாகப் பாரூர் வாருங்கள். ஐப்பசியில் வந்தால் மரத்தில் காய் இருக்கும். உடைத்துத் தருகிறேன், சதையைச் சப்பிப் பாருங்கள். பெட்டியும் தருகிறேன், புளிக்க வைக்க முயற்சி செய்து பாருங்கள், சூடு ஏறுகிறதா என்று. அடைக்கோழி இருக்கிற பெட்டியை மட்டும் தொடக் கூடாது.

ஐந்து வருடம் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால், வருடம் ஐந்து பெட்டி வீதம் ஐந்து வருடத்துக்கு நான் எடுத்துக்கொள்கிறேன். இந்த வருடப் பணத்தை இப்போதே தம்பி மகளிடம் கொடுத்துவிட்டேன், ரசீது அவளிடம் கொடுத்தால் போதும். பெட்டியை மட்டும் மார்கழியில் அனுப்புங்கள். பஸ்ஸில் வந்தாலும் உருகாது, அம்மாவும் பூசணம் என்று சொல்ல மாட்டார்.

இப்படிக்கு,
பாரூர் ஏரிக்கரைத் தோப்பிலிருந்து,
ஓய்வுபெற்ற ஒரு கணக்கு டீச்சர்